முன்னோர் பட்ட பாட்டைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்கிறீர்கள்?

பதுளைப்பையன்:
கொழும்பில் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது. நேற்று வைஃபை இல்லையென்று வீட்டையே இரண்டாக்கினான். கோபத்தில், அப்பாயியின் பாட்டன், தேயிலைக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்த கதையை ஆரம்பித்தேன், காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள் என்று. "நானா நடக்கச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். நன்றியுணர்வு வரட்டும் என்றுதான் சொன்னேன். உங்கள் வீடுகளில் எப்படி?

கொழுந்துக்கூடை:
தம்பி, திட்டும்போது சொன்னால் அதுவும் திட்டாகத்தான் காதில் விழும். நான் என் பிள்ளைகளை அட்டன் பக்கம் எங்கள் பழைய லயத்துக்கு, அதுதான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, கூட்டிப்போனேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா (அறை). சின்னவள் காலால் அளந்து பார்த்துவிட்டு, ஒன்பது பேரும் எங்கே படுத்தீர்கள் என்று கேட்டாள். அப்புறம் என் அம்மாவின் தலையைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய இடம், உச்சியில் விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம். நான் வேறெதுவும் சொல்லவில்லை.

இரண்டாம்பெரட்டு:
நன்றி யாருக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். 1948இல் இலங்கையில் தோட்டத் தமிழர்களான எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பங்கு போட்டார்கள். 2021இல் கூட நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய்க்கு அவ்வளவு போராட்டம். லயத்தில் இன்னும் ஆள் இருக்கும்போது "அந்தக் காலத்தில் கஷ்டப்பட்டார்கள்" என்று கதை சொல்வது எனக்கு ஒட்டவில்லை. தாத்தாவுக்கு நன்றி சொல்லுங்கள், தேயிலைக்குச் சொல்லாதீர்கள்.

கோத்தகிரிக்கிழவன்:
அந்த 5,25,000 கணக்கில் நானும் ஒரு தலை. 1971இல் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆள் பிடிக்க வந்த கங்காணி சொன்னதை நம்பித்தான் பாட்டன் அக்கரைக்கு, இலங்கைக்குப் போனார். பேரன் நான் அதே கடலில் ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தேன். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடி கொழுந்துதான். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். என் பேத்தியிடம் இதையெல்லாம் கஷ்டமாகச் சொன்னதில்லை. கப்பலில் அம்மா ரொட்டியையும் சம்பலையும் துணியில் கட்டிக்கொண்டு வந்ததை மட்டும் சொன்னேன், மீதியை அவளே ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பையன் கேட்கட்டும், அவசரப்படாதீர்கள் தம்பி.

பதுளைப்பையன்:
அக்கா, ஐயா, நன்றி. இரண்டாம்பெரட்டு சொன்னது சுட்டது, ஆனால் சரிதான், நானே அதையெல்லாம் அவனிடம் விட்டுவிட்டுத்தான் சொன்னேன். லீவுக்குத் தோட்டத்துக்குப் போகிறோம். இன்று ராத்திரி சாப்பிடும்போது அவனாகவே, "அவர் செருப்புப் போட்டிருந்தாரா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன், அவருக்கும் தெரியவில்லை.