புதுப்பிப்பு: மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது குறித்து

வரும் ஜூனில் 5 வயது நிறையும் மகளை இந்த ஆண்டே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். யுகேஜியிலேயே இன்னும் ஓராண்டு இருக்கட்டும் என்று முடிவெடுத்துவிட்டோம். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் 5 வயதிலேயே சேர்த்துக்கொள்கின்றன என்றாலும், கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-23 முதல் 6 வயதைக் கேட்பதால், இந்த ஆண்டே சேர்த்துவிட்டால் பிற்பாடு அங்கே மாற்ற நேரும்போது வயது இடிக்கும்.

எழுத்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறக்க வராமல் யாரையும் கேட்காமலேயே பசியோடு உட்கார்ந்திருப்பதையும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தயங்கி அடக்கிக்கொள்வதையும் வகுப்பாசிரியை எடுத்துச் சொன்ன பிறகு, யோசிக்க அதிகம் இருக்கவில்லை. ஒரு வருடம் வீணாகிறதே என்ற மாமியாரின் மனத்தாங்கல்தான் இன்னும் தீர்ந்தபாடில்லை.