இரண்டு கிலோ ஒடியல் மா

என்னுடன் ஒரே வகுப்பில் படித்து, 1990 ஆம் ஆண்டு ஊரைவிட்டுக் கனடாவுக்குப் போன நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு ஆடி மாத விடுமுறையில் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு திருகோணமலைக்கு வந்து, மூன்று வாரம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். கோணேசர் கோயில், புறாத்தீவு, கன்னியா வெந்நீரூற்று எல்லாவற்றையும் முதல் இரண்டு வாரத்திலேயே முடித்துவிட்டோம். கன்னியாவின் ஏழு கிணறுகளில் எதற்குச் சூடு அதிகம் என்று தந்தையும் மகளும் பந்தயம் பிடித்து, ஒவ்வொன்றிலும் அள்ளிக் குளித்து, கடைசிவரை ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஊர் பார்ப்பதை இப்படி முன்கூட்டியே முடித்துவிட்டால், கடைசி நான்கு நாட்களும் விறாந்தையில் கதிரை போட்டு இருந்து ஆறுதலாகக் கதைக்கலாம் என்பது என்னுடைய திட்டம். அதைவிட மோசமான திட்டத்தை நான் என் வாழ்நாளில் போட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வருவதை அறிவிக்காமல் வரலாம். சொல்லிக்கொள்ளாமல் போனால்தான் குற்றம். யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று நண்பர் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினார். என் மனைவி ஐந்து பெயர்களை நினைவூட்டினாள். கோயிலில் சந்தித்த ஒருவர் இன்னும் இரண்டைச் சேர்த்தார். ஆகப் பதினேழு வீடுகள். உப்புவெளி, சாம்பல்தீவு, பிறகு கிண்ணியா. கிண்ணியாவில் எங்களுடன் படித்த இன்னொரு நண்பர் இருக்கிறார். நாங்கள் மாணவர்களாக இருந்த காலத்தில் அவர் வீட்டுக்குப் போவதென்றால் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி, அது அசைந்து அசைந்து அக்கரை சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும். 2009 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, ஏறத்தாழ 400 மீற்றர் நீளமான பாலத்தில் எங்கள் வாகனம் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிட்டபோது, என் நண்பர் ஏதோ தவறிவிட்டதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த வீட்டில் எருமைத் தயிர்ச் சட்டிகள் இரண்டைக் கட்டி வைத்திருந்தார்கள். விமானத்தில் தயிர்ச் சட்டி போகாது என்று விளக்கியதும், "அப்ப இஞ்சயே இருந்து முடிச்சிட்டுப் போங்க" என்று கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டார் அந்த வீட்டு அம்மா. முடித்துவிட்டுத்தான் எழுந்தோம்.

இந்த அலைச்சலைவிட எனக்கு உறைத்தது வேறொன்று. புறப்பட மூன்று நாள் இருக்கும்போதே நண்பர் பாதி அங்கே போய்விட்டார். இங்கே மாலை ஏழு மணியென்றால் அங்கே காலை ஒன்பதரை. அந்தக் கணக்கு அவர் பேச்சில் ஒவ்வொரு மணித்தியாலமும் வந்தது. வேலைத்தலத்திலிருந்து வரும் செய்திகளைப் பார்க்க அடிக்கடி முற்றத்துக்கு எழுந்து போவார். திரும்பி வந்து உட்காரும்போது நாங்கள் எதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம் என்பதை நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. நான் அதற்கு மனம் சுணங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி நாள் மதியம் நண்பரின் பெரியம்மா உப்புவெளியிலிருந்து வந்திருந்தார். எண்பது வயதைத் தாண்டியவர். விளிம்பு ஒரு பக்கம் உடைந்த எங்கள் மண்சட்டியிலிருந்து மீன்குழம்பைத் தம் கையாலேயே நண்பருக்கு அள்ளிப் போட்டுவிட்டு, ஒரு பொதியை அவர் மடியில் வைத்தார். காய்ந்த பனங்கிழங்கைத் தாமே இடித்து அரித்த ஒடியல் மா, சரியாக இரண்டு கிலோ. அங்கே குளிரில் கூழ் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பது கட்டளை.

பின்னேரம் பெட்டி கட்டும் படலம். அவர்களுடைய பயணச்சீட்டுக்கு ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. கறித்தூள், கருவாடு, எள்ளுருண்டை என்று பதினேழு வீட்டுப் பொதிகளும் உள்ளே போனபின், தொங்கு தராசின் கொளுக்கியில் கடைசிப் பெட்டியை மாட்டித் தூக்கினால் 25 காட்டியது. மற்ற ஐந்தும் ஏற்கெனவே நிறைந்திருந்தன. நண்பரின் மனைவி ஒன்றும் பேசாமல் மாப்பொதியை எடுத்து வெளியே வைத்தார். நண்பர் அதைத் திரும்ப உள்ளே வைத்துத் தம் சப்பாத்துச் சோடியை வெளியே எடுத்தார். மனைவி சப்பாத்தை உள்ளே வைத்தார். இரண்டு முறை இப்படி நடந்தபின் பொதி என் மனைவியின் கையில் இருந்தது.

அதன்பிறகு இருட்டுவதற்குள் கோட்டைப் பக்கத்துக் கடற்கரைக்கு நாங்கள் இருவரும் மட்டும் நடந்து போனோம். நான்கு நாளில் தனியாகக் கிடைத்தது அந்த முக்கால் மணித்தியாலம்தான். இறால் வடை வாங்கிக்கொண்டு மணலில் இருந்தோம். அவர் தொலைபேசியைப் பார்க்கக் குனிந்த நேரத்தில், பின்னால் வந்த ஒரு புள்ளிமான் அவர் கையிலிருந்த வடைப் பையை மெதுவாக இழுத்துக்கொண்டு நான்கு அடி தள்ளிப்போய் நின்று தின்னத் தொடங்கியது. பையையும் சேர்த்து விழுங்கிவிடும் என்று பயந்து இருவரும் எழுந்து துரத்தி, மணலில் விழுந்து, ஒருவழியாகப் பையை மட்டும் மீட்டோம். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. அதன்பிறகு அவர் தொலைபேசியைத் தொடவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையம் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். ஹபரணைக் காட்டுப் பக்கம் இரவில் யானை வீதிக்கு ஏறும் என்பதால் வேன் ஓட்டுநர் அரை மணித்தியாலம் முந்தியே வந்து ஹோர்ன் அடித்தார். விடைபெறுதல் அந்த அவசரத்திலேயே முடிந்துபோயிற்று.

இரண்டு வாரம் கழித்துப் பெரியம்மா எனக்குத் தொலைபேசி எடுத்து, பிள்ளை மாவைக் கொண்டுபோய்விட்டானா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். அன்றிரவே நண்பருக்கு அழைத்து, யார் கேட்டாலும் கூழ் காய்ச்சிக் குடித்ததாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவைத்தேன். அவர் ஒரு படி மேலே போனார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நண்டும் இறாலும் போட்டு அந்த மாவில் காய்ச்சிய கூழைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதையே தம் வீட்டுக் கூழ் என்று பெரியம்மாவின் பேரனுடைய தொலைபேசிக்கு அனுப்பிவிட்டார். பெரியம்மா படத்தைப் பெரிதாக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தாராம். கூழ் நல்ல பதமாக வந்திருப்பதாகவும், கனடாவிலும் விளிம்பு உடைந்த சட்டி கிடைக்கிறது போலும் என்றும் சொன்னாராம்.