புதுப்பிப்பு: சிலிக்கா வீழ்படிவு இம்முறை கூழாகவில்லை

பயிருக்காக மண்ணில் இடவேண்டிய சிலிக்காவைத் தயாரிக்க சோடியம் சிலிக்கேட் கரைசலில் கந்தக அமிலம் சேர்த்தபோது, வீழ்படிவு (கரைசலிலிருந்து பிரிந்து படியும் திடத்துகள்கள்) கிடைக்காமல் குவளை முழுவதும் கூழாக உறைந்துவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். தவறு என்னுடையதுதான், செறிந்த கரைசலில், அறை வெப்பநிலையிலேயே, அமிலத்தை ஒரேயடியாக ஊற்றியிருந்தேன். இம்முறை கரைசலை நீர்க்கச் செய்து, 80 டிகிரி செல்சியஸில் கலக்கிக்கொண்டே நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டதில், அது முதலில் பால்போலக் கலங்கி, பின்னர் வெண்துகள்களாக அடியில் படிந்தது.

கழுவுவதற்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. உடன்விளையும் சோடியம் சல்பேட் தங்கிவிட்டால் மண்ணில் உப்பேறும் என்பதால், கழுவிய நீரில் சிறிதைத் தனியே எடுத்து, சல்பேட் இருந்தால் வெண்கலங்கலாகக் காட்டிக்கொடுக்கும் பேரியம் குளோரைடை விட்டுப் பார்த்து, அந்தக் கலங்கல் தோன்றாத நிலை வரும்வரை கழுவினேன்.

மணலும் சிலிக்காதானே என்று கேட்டிருந்தவர்களுக்கு: பயிர் உறிஞ்சுவது, சிலிக்கா நீரில் கரையும்போது உண்டாகும் மோனோசிலிசிக் அமிலத்தையே; படிக வடிவமற்ற இந்தச் சிலிக்கா, படிக வடிவிலான குவார்ட்ஸ் மணலைவிட 10 மடங்குக்கும் மேல் கரையக்கூடியது.