கடைமடை வடிகால் எந்தப் பக்கம் சாய்கிறது? டெம் (விண்ணிலிருந்து எடுத்த தரை உயரப் படம்) காட்டும் திசையை நம்பலாமா?

வாய்க்கால்மேடு கேட்டது:

தலைஞாயிறு பக்கம் ஒரு வடிகால் வாய்க்கால். ஏறக்குறைய 6 கிலோமீட்டர் கிழக்கே ஓடி வேதாரண்யம் கால்வாயில் விழ வேண்டியது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு நாலைந்து நாள் ஆன பிறகும் நடுப்பகுதி வயல்களில் சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கிறது. தூர் வாரினால் சரியாகிவிடும் என்று ஊரில் ஒரு தரப்பு. வாய்க்காலின் அடிமட்டமே எதிர்ச்சாய்வு, எத்தனை முறை வாரினாலும் பயனில்லை என்று இன்னொரு தரப்பு.

எஸ்ஆர்டிஎம் என்ற இலவச டெம்மை (30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம்) இறக்கி, கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் பள்ளங்களை நிரப்பி, நீரோட்டத் திசை எடுத்துப் பார்த்தோம். வாய்க்கால் ஒரு தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு தெற்கே போகிறது, ஓரிடத்தில் மேற்கே திரும்புகிறது. இஸ்ரோவின் புவன் தளத்தில் உள்ள கார்ட்டோசாட் செயற்கைக்கோள் டெம்மில் உயரமெல்லாம் மைனஸ் 90 மீட்டரை ஒட்டி வருகிறது. இதில் எதை வைத்துக்கொள்வது? ஆட்டோ லெவல் (முக்காலியில் வைத்து உயர வித்தியாசம் அளக்கும் தொலைநோக்கிக் கருவி) வாடகைக்குக் கிடைக்கும், கூட வர மூன்று பேர் இருக்கிறார்கள்.

மட்டக்கோல்:

எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வேலைக்கு இலவச டெம் எதுவும் ஆகாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

கடைமடையில் சாய்வு 5,000க்கு 1 என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு 30 மீட்டர் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் உண்மையான இறக்கம் 6 மில்லிமீட்டர். எஸ்ஆர்டிஎம் உயரத்தை முழு மீட்டரில்தான் பதிகிறது. ஒரு மீட்டர் இறங்க 5 கிலோமீட்டர் போக வேண்டிய ஊரில், உங்கள் வாய்க்கால் முழுவதும் ஒன்று அல்லது இரண்டு எண்ணுக்குள் அடங்கிவிடும். மேலே கீழே துள்ளுவதெல்லாம் ரேடார் இரைச்சல். தோப்பைச் சுற்றிப் போகிறது என்றால் அதற்கும் காரணம் உண்டு. அந்த அளவீடு 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து 5.6 சென்டிமீட்டர் அலைநீள ரேடாரால் எடுத்தது. அது தென்னை மட்டைகளிலேயே பெரும்பாலும் பட்டுத் திரும்பும், தரைக்கு இறங்காது. அன்றைக்கு இருந்த தோப்பு உங்கள் படத்தில் மேடாக நிற்கிறது. 2018 கஜா புயலில் அந்தத் தோப்பே சாய்ந்திருந்தாலும் டெம்மில் மேடு அப்படியே இருக்கும்.

பள்ளம் நிரப்பும் கருவி இன்னும் மோசம். அதில் குறைந்தபட்சச் சாய்வு என்று ஒரு பெட்டி இருக்கும். அங்கே 0.01 டிகிரி கொடுத்தால் கிலோமீட்டருக்கு 17.5 சென்டிமீட்டர் இறக்கத்தை மென்பொருளே உண்டாக்கிவிடும். கடைமடையின் நிஜச் சாய்வும் அதே அளவில்தான் இருக்கிறது. அதாவது நீங்கள் பார்த்த திசை உங்கள் நிலத்துடையதா, அந்தப் பெட்டியுடையதா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

கார்ட்டோசாட் மைனஸ் காட்டுவது பிழை இல்லை. அது நீள்வட்டக்கோள மட்டத்திலிருந்து, அதாவது பூமியின் வடிவமாகக் கணக்குக்கு வைத்துக்கொண்ட வழவழப்பான கோளத்திலிருந்து, உயரம் தருகிறது. நம் பக்கத்தில் சராசரிக் கடல் மட்டம் அந்தக் கோளத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே கிடக்கிறது, இந்துமாக்கடலில் இலங்கைக்குத் தெற்கே இருக்கும் பெரிய ஈர்ப்புப் பள்ளத்தின் ஓரத்தில் இருக்கிறோம். ஆர்டிகே ஜிபிஎஸ் (சென்டிமீட்டர் துல்லிய ஜிபிஎஸ்) கொண்டு அளக்கப் போகிறவர்களும் கவனியுங்கள்: எல்லாப் புள்ளிக்கும் ஒரே 90ஐக் கூட்டிவிட்டு முடிக்கக் கூடாது. அந்தக் கடல் மட்டமே கோளத்தோடு ஒப்பிட்டால் கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர் சாய்ந்திருக்கிறது, 6 கிலோமீட்டரில் உங்கள் வாய்க்காலின் சாய்வையே விழுங்கிவிடும். இஜிஎம்2008 (உலக ஈர்ப்பு மாதிரி) திருத்தத்தைப் புள்ளிக்குப் புள்ளி போட வேண்டும்.

கோபர்னிகஸ் 30 மீட்டர் டெம் எஸ்ஆர்டிஎம்மை விட நல்லது, உயரத்தைப் பின்னத்தில் தருகிறது. மாவட்டப் படம் போட எடுத்துக்கொள்ளலாம். வாய்க்காலுக்கு ஆட்டோ லெவல்தான்.

கோபுரத்தடி:

இந்தியப் பெரும் நில அளவையைத் தொடங்கிய லாம்டனுக்கே இங்கே தண்ணி காட்டின நிலம் இது. மேடும் கிடையாது, தென்னை வேறு மறைக்கும் என்று கோயில் கோபுரங்களின் மேல் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை ஏற்றி அளந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது.

செம்மண்கோடு:

லெவல் எடுப்பது பற்றி. புத்தகத்தில் இருப்பதை விட்டுவிட்டு, களிமண் பூமியில் எது கெடுக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கருவியைச் சோதியுங்கள், வாடகைக் கருவி என்றால் கட்டாயம். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, அவற்றின் மேல் ஸ்டாஃபை (அளவு குறித்த நெடுங்கோல்) நிறுத்தி, கருவியை நட்டநடுவில் வைத்து இரண்டையும் படித்தால் வருவது உண்மையான வித்தியாசம். பிறகு ஒரு முளைக்கு 3 மீட்டர் பக்கத்தில் வைத்து மறுபடி படியுங்கள். இரண்டு வித்தியாசமும் 2 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் கிளம்பலாம்.

ஒத்துப்போகாவிட்டாலும் வேலை நின்றுவிடாது, ஆனால் பேக்சைட் தூரமும் (பின்னால் உள்ள ஸ்டாஃபுக்கு) ஃபோர்சைட் தூரமும் (முன்னால் உள்ள ஸ்டாஃபுக்கு) சமமாக இருந்தே ஆக வேண்டும். கருவியில் 50 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் பிழை, நீங்கள் பின்னால் 20 மீட்டர், முன்னால் 50 மீட்டர் என்று சோம்பேறித்தனமாக வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் ஒரு நிறுத்தத்துக்கு 1.8 மில்லிமீட்டர் தவறும். 60 நிறுத்தத்தில் கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர் பொய்ச் சாய்வு. இதில் ஒரு சூட்சுமம்: திரும்பி வரும்போது ஸ்டாண்டை (கருவியின் முக்காலி) அதே இடங்களில் வைத்தால் போகும்போது வந்த பிழையும் வரும்போது வந்த பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். கணக்கு அழகாக மூடும் (தொடங்கிய புள்ளியில் அதே உயரம் வரும்), பொய்ச் சாய்வு மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆகையால் திரும்பும்போது வேறு இடங்களில் வையுங்கள், தூரத்தைக் காலடியாவது எண்ணிச் சமமாக்குங்கள். பக்கத்துக்கு 40 மீட்டர் போதும்.

ஸ்டாண்டு வயல் வரப்பில் இறங்கும். பேக்சைட் படித்து ஃபோர்சைட் படிப்பதற்குள் 2 மில்லிமீட்டர் இறங்கினால், நீங்கள் நடக்கும் திசையில் நிலம் ஏறுவதாகக் கணக்கு காட்டும். இது திரும்பும்போதும் அப்படியே ஏறுவதாகக் காட்டும் என்பதால் மூடும் வித்தியாசத்தில் மாட்டிக்கொள்ளும், இரண்டு ஓட்டத்தின் சராசரி பெரும்பாலும் அதைக் கழித்துவிடும். இருந்தாலும் கால்களை நன்றாக மிதித்து இறக்குங்கள், கருவியைச் சுற்றிக் கூட்டம் நிற்க விடாதீர்கள். ஸ்டாஃபைத் திருப்புப் புள்ளியில் (கருவியை நகர்த்தும்போது ஸ்டாஃப் நகராமல் நிற்கும் இடம்) வெறும் மண்ணில் வைக்கவே கூடாது. இரும்புத் தட்டு இல்லையென்றால் மதகுத் திண்டு, மைல் கல், பாலக் கைப்பிடிச் சுவர் என்று அசையாத கல்லில் மட்டும். வெயில் ஏறினால் ஸ்டாஃபின் அடிப்பகுதி கருவியில் நெளிந்து தெரியும், தரையிலிருந்து அரை மீட்டருக்குக் கீழே படிக்க வேண்டாம். காலை 10 மணிக்குள் முடிந்த வரை ஓட்டுங்கள்.

போய்வர 12 கிலோமீட்டர். 12 பெருக்கல் கிலோமீட்டரின் வர்க்கமூலம் என்ற கணக்கில் சுமார் 42 மில்லிமீட்டருக்குள் மூட வேண்டும். தாண்டினால் மறுபடி ஓட்டுங்கள், பங்கு பிரித்துப் போட்டு மறைக்காதீர்கள்.

தொடக்கம்: சர்வே ஆஃப் இந்தியாவின் ஜிடிஎஸ் பெஞ்ச் மார்க் (உயரம் தெரிந்த குறிக்கல்) அருகில் இருந்தால் அதிலிருந்து. 1909இல் இந்திய உயர அடிமட்டத்தை நிர்ணயித்தபோது எடுத்துக்கொண்ட ஒன்பது ஓத (கடல் ஏற்றவற்ற) நிலையங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. இல்லையென்றால் ரெகுலேட்டரின் (ஷட்டர் வைத்த மதகு) சில் மட்டத்தை (ஷட்டர் வந்து உட்காரும் அடித்தளம்) நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் ஒரு மதகுக்கு 10.000 என்று வைத்துத் தொடங்கலாம். வாய்க்காலுக்குள் ஒப்பிட அது போதும், ஓதத்தோடு ஒப்பிட மட்டும் போதாது.

நீர்வழி:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஊர்ச் சண்டையை அடிமட்டச் சாய்வு தீர்க்காது என்பது என் கருத்து. தண்ணீர் ஓடுவது நீர்ப்பரப்பின் சாய்வில். ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் வாய்க்காலில் அடியில் 20 சென்டிமீட்டர் மேடு இருந்தால் குறுக்குவெட்டு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எதிர்ச்சாய்வு என்று சொல்கிறவர்கள் வற்றிப்போன வாய்க்காலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

அதனால் மழைத் தண்ணீர் நிற்கும்போதே நீர் மட்டத்தை அளந்துவிடுங்கள். லெவல் பிறகு ஓட்டலாம். எப்படியென்றால், வாய்க்காலில் இருக்கும் ஒவ்வொரு பாலம், மதகு, குழாய்ப் பாலத்திலும் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று என்று பெயின்ட்டில் குறி போடுங்கள். குறியிலிருந்து நீர்ப்பரப்பு வரை டேப்பை இறக்கிப் படிக்க வேண்டும், டேப் நுனியில் ஒரு கனமான நட்டு கட்டினால் காற்றில் ஆடாது. நட்டின் அடியிலிருந்து டேப்பின் சைபர் வரை உள்ள நீளத்தைக் கூட்ட மறக்க வேண்டாம். எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில், கைபேசி நேரம் பார்த்து, கால் மணிக்கு ஒரு முறை. நீர் வடிந்து நிலம் காய்ந்தபின் லெவலைக் குறிகளுக்கு மட்டும் ஓட்டினால் அன்றைய நீர்ப்பரப்பு முழுவதும் கிடைத்துவிடும். வயலுக்கு வயல் ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

எதை எதிர்பார்க்கலாம் என்று ஒரு கணக்கு. 4 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம், விநாடிக்கு ஒரு கன மீட்டர் ஓடுகிறது என்றால் வாய்க்காலில் வேகம் விநாடிக்கு 25 சென்டிமீட்டர். நடுவில் யாரோ டிராக்டர் போக இரண்டு 60 சென்டிமீட்டர் குழாய் போட்டு மண் கொட்டியிருக்கிறார்கள். இரண்டின் பரப்பும் சேர்ந்து 0.57 சதுர மீட்டர். அதற்குள் வேகம் 1.77 மீட்டராக ஏறும், நுழைவு, வெளியேற்றம், உரசல் எல்லாம் சேர்த்து சுமார் 24 சென்டிமீட்டர் மட்டம் அங்கேயே போய்விடும். 10,000க்கு 1 சாய்வில் உங்கள் 6 கிலோமீட்டருக்கும் மொத்த இறக்கமே 60 சென்டிமீட்டர். ஒரே குழாய்ப் பாலம் அதில் ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிட்டது. இப்படிப் படிக்கட்டாக விழும் இடம் டேப் அளவில் பளிச்சென்று தெரியும்.

படிக்கட்டு எங்கும் இல்லாமல் மட்டம் சீராகச் சரிந்தால் குற்றவாளி ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும். சுத்தமான மண் வாய்க்காலுக்கு உரசல் எண் 0.03 அளவில் வரும், அடர்ந்த செடிக்கு 0.1ஐத் தாண்டும். அதே சாய்வில் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கும் தேறாது. அப்போது தூர் வாரச் சொல்கிற தரப்பு பக்கம் நியாயம். ஆனால் ஆழப்படுத்த வேண்டியதில்லை, செடியை வெட்டி எடுத்தாலே போதும்.

மூன்றாவதாக, மேலிருந்து கீழ்வரை மட்டம் கிட்டத்தட்ட தட்டையாக இருந்தால் அடைப்பு வாய்க்காலில் இல்லை. வெளியே இருக்கிறது.

வாய்க்கால்மேடு:

குழாய்ப் பாலம் இரண்டு இருக்கிறது, அண்ணே. ஒன்று ரொம்ப ஒடுக்கம். வெளியே என்று கடைசியில் சொன்னது கடலையா? கடை ஷட்டரில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. எந்த நாளில் அளந்தால் எல்லாம் ஒரே தடவையில் தெரியும்?

ஓதம்:

கடலைத்தான். நம் கடற்கரையில் ஓதம் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். பெரிய ஓதத்திலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். சின்னதாகத் தெரியும், ஆனால் வாய்க்காலின் மொத்த இறக்கமே 60 சென்டிமீட்டர் என்று மேலே கணக்குப் போட்டார்களே! போதாததற்குக் கடலின் சராசரி மட்டமே நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவக்காலத்தில்தான் ஆண்டின் உச்சத்தில் இருக்கும். வாடைக்காற்றும் தெற்கே பாயும் கரையோர நீரோட்டமும் சேர்ந்து தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளுகின்றன. வடிய வேண்டிய மாதத்தில் கதவுக்கு வெளியே மட்டம் உயர்ந்து நிற்கிறது.

ஓத அட்டவணையை வைத்து நேரம் கணிக்கலாம், உயரம் கணிக்க வேண்டாம். அதில் இருப்பது கடல் வரைபட அடிமட்டத்திலிருந்து (ஏறக்குறைய மிகத் தாழ்ந்த வற்ற மட்டம்) உயரம், சராசரிக் கடல் மட்டத்திலிருந்து இல்லை. தவிர, முகத்துவாரத்திலிருந்து வேதாரண்யம் கால்வாய் வழியாக உங்கள் ஷட்டர் வரை வருவதற்குள் ஓதம் தாமதமாகும், தேயும். ஷட்டருக்கு வெளியே ஒரு ஸ்டாஃபைக் கட்டி 13 மணி நேரம் கால் மணிக்கு ஒரு முறை படித்தால் தாமதம் எவ்வளவு, வற்றம் எதுவரை இறங்குகிறது என்று உங்கள் இடத்துக்கே தெரிந்துவிடும்.

உப்புக்கு ஒரு இசி மீட்டர் (தண்ணீரின் மின்கடத்தலை அளப்பது) போதும். 1,413 மைக்ரோசீமென்ஸ், 12.88 மில்லிசீமென்ஸ் ஆகிய அளவு தெரிந்த இரண்டு திரவத்திலும் சரிபார்த்துவிட்டு, வெப்பத் திருத்தம் 25 டிகிரிக்கு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். திருத்தம் இல்லாவிட்டால் ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் தவறும். மேல் தண்ணீரை மொண்டு அளந்தால் ஒன்றும் தெரியாது, உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் நுழையும். மூங்கிலில் பாட்டிலைக் கட்டி மூடியில் கயிறு போட்டு அடியில் இறக்கித் திறங்கள். ஷட்டருக்கு உள்ளே அடியில் 5 மில்லிசீமென்ஸுக்கு மேல், மேலே ஒன்றுக்குள் என்றால் ஷட்டர் ரப்பர் ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பயிர் நிற்கும் வயலுக்கு 3க்கு மேல் போன தண்ணீரை விடாதீர்கள்.

நாள் என்றால், கனமழை விட்ட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தால் மிகவும் நல்லது, அப்போதுதான் வற்றம் அதிகம் இறங்கும். வற்றத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே எல்லாக் குறிகளிலும் ஆள் நிற்க வேண்டும். ஷட்டர் திறந்திருக்கும் அந்த நேரத்தில் வெளியே மட்டம் இறங்க இறங்க உள்ளே எந்தக் குறி வரைக்கும் கூடவே இறங்குகிறது என்று பாருங்கள். ஒடுக்கமான குழாய்ப் பாலத்தின் கீழ்ப்பக்கம் இறங்கி மேல்பக்கம் அசையாமல் நின்றால் முதலில் எடுக்க வேண்டியது அந்தப் பாலத்தை. ஆள் குறைவு என்றால் ஷட்டரின் இரண்டு பக்கம், அந்தப் பாலத்தின் இரண்டு பக்கம், வயல் ஓர மதகு ஒன்று, இந்த ஐந்து குறி போதும்.