ப்ளோயரைக் கூட்டினால் தீ எழும்பி அணைகிறது

இடம் பெங்களூர் அல்சூர், கேட்டரிங் கிச்சன். 60 லிட்டர் அலுமினிய அண்டாவில் 50 லிட்டர் தண்ணீர் கொதிக்க 55 நிமிஷம் ஆகிறது, 30-க்குள் வேணும். வார்ப்பிரும்பு பர்னர், 19 கிலோ சிலிண்டர், ஹைபிரஷர் ரெகுலேட்டர். மூணு வாரம் முன்னால் எஸ்.பி. ரோட்டில் பர்னருக்குக் காற்று ஊத 12 வோல்ட் ப்ளோயரும் ஸ்பீடு கண்ட்ரோலரும் வாங்கி, 2 அங்குலக் குழாய் வழியாக மாட்டினோம்.

கால் வேகத்தில் நீலத் தீ. பாதியைத் தாண்டினால் குழாய்ப் பக்கத் தீ மட்டும் அரை அங்குலம் எழும்பி, உறுமி, அணைகிறது. எதிர்ப்பக்கம் அப்போதும் மஞ்சள்தான். அண்டாவின் அந்தப் பாதியில் விரலில் ஒட்டும் கரி.

ஜெட்டை (கேஸ் பீய்ச்சும் சிறு துளை) சுத்தம் செய்தாச்சு. பெரிய ஜெட் போட்டதில் மஞ்சள்தான் கூடியது. அண்டாவை 3 அங்குலத்திலிருந்து 5-க்கு உயர்த்தியும் மாற்றமில்லை. சிலிண்டரில் பனி பூத்ததால் இரண்டை இணைத்தோம், அது தீர்ந்தது. கரண்ட் போனால் கேஸ் ப்ளோயருக்குள் திரும்பாமலிருக்க கேஸைத் தானாக மூடும் சாலினாய்டு வால்வும் உண்டு, அந்த எச்சரிக்கை வேண்டாம்.

காற்று போதவில்லை என்று தோன்றவில்லை. ஒரு கிலோ கேஸுக்கு ஏறக்குறைய 15.5 கிலோ காற்று; 900 மீட்டர் உயரத்தில் இங்கே காற்று பத்தில் ஒரு பங்கு மெலிசு, அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ப்ளோயர் எடுத்தோம். சந்தேகம் கலவையில். ஜெட் பர்னருக்கு வெறும் 4 அங்குலம் முன்னால் இருக்கிறது.

2 அங்குலக் குழாயில் ஜெட்டுக்கும் பர்னருக்கும் நடுவே எத்தனை அங்குலம் விட்டால் கலவை சீராகும்?