பழைய லப்டொப்பில் லினக்ஸ் போடலாமா? பாமினியில் அடித்த வினாத்தாள்கள் திறக்குமா?

கல்லடி_ரீச்சர்
வணக்கம். மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன், தமிழ் படிப்பிக்கிறேன். வீட்டில் இருப்பது ஐந்தாம் தலைமுறை ஐ3 லப்டொப். 4 ஜிபி ரம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, வின்டோஸ் 11 இதில் ஏறாது என்கிறது. புதிது வாங்க இப்போது கையில் காசு இல்லை. வின்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸைப் போடுங்கள் என்று மகன் சொல்கிறார். ஆனால் எத்தனையோ பெயர்கள் சொல்கிறார்கள், எதை எடுப்பது? எனக்குப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பல வருட வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் பாமினி என்ற பழைய தமிழ் பொன்ட்டில் அடித்தவை. அவை திறக்காவிட்டால் எனக்கு லினக்ஸால் பயனே இல்லை.

வாவிக்கரை
ரீச்சர், இந்த மெஷினுக்கு லினக்ஸ் வகைகளில் லினக்ஸ் மின்ட் 22, அதிலும் பாரம் குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. சின்னமன் பதிப்பு பார்க்க இன்னும் அழகு, ஆனால் 4 ஜிபியில் பிரௌசரும் ஆவணமும் சேர்ந்து திறந்தால் மூச்சு வாங்கும். மின்ட் 22க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். கீழே மெனு, ஓரத்தில் கடிகாரம் என்று வின்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக இராது.

இப்போதே எதையும் அழிக்க வேண்டாம். மின்ட்டை நிறுவத் தேவையான ஐஎஸ்ஓ ஃபைல் ஏறத்தாழ 3 ஜிபி, டேட்டா கூடுதலாக இருக்கும் நேரம் பார்த்து இறக்குங்கள். ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் அதை 8 ஜிபி பென்ட்ரைவில் எழுதுங்கள். பென்ட்ரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், வெறுமையானதை எடுங்கள். அந்தப் பென்ட்ரைவிலிருந்து லப்டொப்பைத் தொடங்கினால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே மின்ட் ஓடும். வைபை, சத்தம், வெளிச்சம், உங்கள் ஃபைல்கள் எல்லாவற்றையும் அதிலேயே பாருங்கள். பென்ட்ரைவில் இருந்து ஓடும்போது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடைபோடாதீர்கள்.

கல்முனை_வன்பொருள்
உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் கூட நல்லதுதான். உதவிக் குறிப்புகள் அதற்குத்தான் அதிகம். ஆனால் 4 ஜிபிக்கு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதைப் போட்டாலும் ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, சுழலாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள் ரீச்சர். மெஷின் மந்தமாக இருப்பதில் பாதிக்கு மேல் அந்தச் சுழலும் டிஸ்க்தான் காரணம்.

கல்லடி_ரீச்சர்
எஸ்எஸ்டி அடுத்த மாதம் பார்க்கிறேன். பென்ட்ரைவில் மின்ட் ஓடியது, சத்தமும் வருகிறது. ஆனால் வைபை பட்டியலே இல்லை. பாமினி ஃபைலைத் திறந்தால் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து. என் உழைப்பெல்லாம் போய்விட்டதா?

அக்கரை_நானா
வைபைக்கு நான் சொல்கிறேன் ரீச்சர். மெனுவில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் என்று இருக்கும். அதில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் நெட்வேர்க் வரியைப் பார்த்து எழுதுங்கள்.

கல்லடி_ரீச்சர்
புரோட்கொம் பிசிஎம்43142 என்று இருக்கிறது நானா.

அக்கரை_நானா
நினைத்தது சரி. அந்த வைபை சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் திறந்த மூலம் அல்ல, அதனால் மின்ட் தானாக ஏற்றாது. மின்ட்டை நிறுவிய பிறகு, ஃபோனை யுஎஸ்பி வயரால் லப்டொப்பில் மாட்டி, ஃபோனின் இன்டர்நெட்டை லப்டொப்புக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்கை ஃபோனில் போடுங்கள். இன்டர்நெட் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து புரோட்கொம் டிரைவரைத் தேர்ந்து நிறுவி, ரீஸ்டார்ட். நிறுவ முன், லப்டொப் தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்பில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் இந்த டிரைவருக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டி வரும், புதியவர்கள் அந்த நீலத் திரையில்தான் திணறுகிறார்கள்.

வாவிக்கரை
ஒன்றும் போகவில்லை ரீச்சர், மனதைத் தளர விடாதீர்கள். பாமினி ஃபைலுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துத்தான். அதன் மேல் பாமினி பொன்ட் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. பொன்ட் இல்லாத எந்த வின்டோஸ் மெஷினிலும் இதே கோலம்தான் தெரியும். உங்கள் வின்டோஸில் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியை வேறொரு பென்ட்ரைவில் எடுங்கள். மின்ட்டில் அதை இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டோல் அழுத்துங்கள். ஆவணம் திறக்கும் லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும். பரீட்சார்த்தமாக ஓட்டும்போது போட்ட பொன்ட் லப்டொப்பை அணைத்ததும் போய்விடும், நிறுவிய பிறகு மறுபடி போட வேண்டும்.

கல்லடி_ரீச்சர்
வந்துவிட்டது! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது தம்பி. ஆனால் புதிதாக அடிக்கும்போது ஒரு சிக்கல். வரியின் தொடக்கத்தில் 'கடல்' என்று அடித்தால் 'குடல்' என்று மாறுகிறது.

வாவிக்கரை
லிப்ரே ஒஃபிஸ் அதை ஆங்கிலம் என்று நினைத்து முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிறது. பாமினியில் சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. டூல்ஸ் மெனுவில் ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ் போய், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் தெரிவையும், அடுத்தடுத்து வரும் இரண்டு பெரிய எழுத்தைத் திருத்தும் தெரிவையும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று மனதாரச் சொல்கிறேன். பழையவை பாமினியில் இருக்கட்டும், புதியவற்றை எல்லா மெஷினுக்கும் பொதுவான யுனிகோட்டில் அடியுங்கள். பிள்ளைகளின் ஃபோனுக்கு அனுப்பினாலும் எழுத்து உடையாது, தேடினால் கிடைக்கும். சொஃப்ட்வெயார் மேனேஜரில், தமிழ் அடிக்க உதவும் ஐபஸ்-எம்17என் நிறுவி, ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்க்கும்போது ரெங்கநாதன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இலங்கைத் தரமான தமிழ் விசைப்பலகை அது. பாமினி பழகிய விரலுக்கு நெருக்கமானது, புதிதாகப் படிக்க அதிகம் இராது.

கல்லடி_ரீச்சர்
சரி, நிறுவத் துணிந்துவிட்டேன். வின்டோஸை அழித்துவிடவா? பாடசாலையில் இருப்பது எச்பி பிரின்டர்.

கல்முனை_வன்பொருள்
எச்பிக்கு வேண்டிய எச்பிலிப் என்ற டிரைவர் மின்ட்டோடு சேர்ந்தே வருகிறது, பெரும்பாலும் வயரை மாட்டியதும் பிடிக்கும். வின்டோஸை ஒரு தவணையாவது பக்கத்தில் வைத்திருங்கள். முதலில் எல்லா ஃபைலையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள், இதைத் தவிர்க்கவே வேண்டாம். பிறகு வின்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்டப்பை அணைத்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் வின்டோஸ் பகுதியைச் சுருக்கி மின்ட்டுக்கு 100 ஜிபி ஒதுக்குங்கள். மின்ட் நிறுவும்போது வின்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவும் தெரிவை எடுங்கள். தனியே செய்யத் தயக்கம் என்றால் கல்முனைப் பக்கம் வரும் நாளில் லப்டொப்பையும் சார்ஜரையும் கொண்டு வாங்க, பக்கத்தில் இருந்து செய்து தருகிறேன். அந்தப் பிரதி டிஸ்க்கை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க.