டிசபிலிட்டி பென்ஷன் மேல்முறையீடு: மெடிக்கல் போர்டு எழுதியதே முடிவா?

குன்னூர்வாசி:
ஜெய்ஹிந்த். ஒரு ஹவில்தார் 24 ஆண்டுப் பணி முடித்து ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வின்போது உடல்நிலையைப் பார்க்கும் டாக்டர்கள் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டு ரத்தக் கொதிப்புக்கு 30 சதவீத இயலாமை, ஆயுள் முழுக்க என்று எழுதுகிறது. கூடவே ‘படைப்பணியால் வந்ததும் இல்லை, அதனால் கூடியதும் இல்லை’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியில் டிசபிலிட்டி பென்ஷன் போய்விடுகிறது. இது மேல்முறையீட்டில் நிற்காது, நிற்கவும் கூடாது. படையில் சேரும்போது நோய் குறிப்பில் இல்லையென்றால் அது பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டுத் தகுதி விதிகளை வைத்து இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவருக்கு வலிப்பு நோய். போர்டு காரணமே எழுதவில்லை.

மருதநில்லான்:
சார், பாதியைத்தான் சொல்கிறீர்கள். 2023 செப்டம்பர் 21க்கு முன் பணி முடித்தவர்களுக்கான 2008 தகுதி விதிகளையும் படியுங்கள். சேரும்போது நடக்கும் பரிசோதனை மேலோட்டமானது, உள்ளே உறங்கும் நோயை அது காட்டாமல் போகலாம், பணிக்காலத்தில் நோய் தெரிந்தது என்பதால் மட்டும் பணிதான் காரணம் ஆகாது என்று விதி 5 நேராகவே சொல்கிறது. பதினெட்டு வயதுப் பையனுக்கு ரத்தக் கொதிப்பு இருக்காது. நாற்பது வயதில் வருகிற எல்லா நோயையும் படையின் தலையில் கட்டுவதா? 2009இல் தாமோதரன் வழக்கும், 2019இல் நர்சிங் யாதவ் வழக்கும் மனச்சிதைவு நோய் பற்றியவை. இரண்டிலும் டாக்டர்கள் கருத்துக்குத்தான் உச்ச நீதிமன்றம் முதலிடம் கொடுத்தது. வாழ்க்கைமுறை நோய்களுக்குப் போகும் டிசபிலிட்டி பென்ஷனைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே 2023இல் கேள்வி எழுப்பினார். குண்டடிபட்டுக் காலை இழந்தவரையும் இவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குன்னூர்வாசி:
விதி 5ஐப் படித்தவர் விதி 7ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? நிரூபிக்கும் பொறுப்பைச் சாதாரணமாக விண்ணப்பதாரர் மேல் போடக்கூடாது என்பது 2008இலும் அப்படியே இருக்கிறது. பணியை விட்டு 15 ஆண்டு கழித்துக் கேட்டால்தான் சுமை மாறுகிறது. 2025 மார்ச்சில் கவாஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத்தான் எடுத்துச் சொன்னது. அமைதிப் பகுதியில் இருந்தபோது நோய் வந்தது என்று எழுதுவது காரணமே ஆகாது. எது காரணம் என்று போர்டு கண்டு எழுத வேண்டும். டாக்டர் கருத்துக்கு முதலிடம் என்கிறீர்கள். இந்தப் படிவங்களில் பாதிக்கு மேல் கருத்து எங்கே சார் இருக்கிறது? ‘கான்ஸ்டிடியூஷனல்’ (உடல்வாகால் வந்தது) என்று ஒற்றைச் சொல், கீழே கையெழுத்து.

மருதநில்லான்:
காரணம் எழுதாத போர்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அப்படியானால் மறுபடி போர்டுக்கு அனுப்பிக் காரணம் எழுதச் சொல்லட்டும். மேல்முறையீடுகளுக்குப் பிறகு வழக்கைக் கேட்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் தானே டாக்டராகிவிடுவதுதான் எனக்கு ஆட்சேபம். இன்னொன்று: விடுமுறையில் ஊரில் நடந்த விபத்துக்கெல்லாம் பலர் மனுப் போடுகிறார்கள். 2011இல் ஜுஜார் சிங் வழக்கிலேயே பணியோடு தொடர்பு வேண்டும் என்று தீர்ந்துபோன விஷயம் அது.

தாள்கட்டு:
அண்ணன்மார் இருவரும் தீர்ப்புகளோடு நிற்கிறீர்கள். வழக்குகள் பெரும்பாலும் தோற்பது தாள் இல்லாமல்.

நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் போனால் இரண்டாவது மேல்முறையீட்டுக் குழு. இவற்றைத் தாண்டாமல் படைத் தீர்ப்பாயம் போனால் 2007 ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21ஆம் பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பலாம். ஆனால் மேல்முறையீடு கொடுத்து ஆறு மாதம் பதிலே இல்லை என்றால் வழி திறந்துவிடும். பதிலுக்காகவே வருஷக்கணக்கில் காத்திருப்பது வீண். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை அமர்வு இருக்கிறது.

மனுவுக்கு முன்னால் உங்கள் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு ஆர்டிஐ போட்டு மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழு நகல், சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாள், எந்தெந்த இடத்தில் எவ்வளவு காலம் பணி என்ற பட்டியல் மூன்றையும் வாங்குங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். காயம் என்றால் காய அறிக்கையும் விசாரணை மன்ற நடவடிக்கையும் கட்டாயம் வேண்டும். இதயநோய் என்றால் அது வருவதற்கு முந்தைய 14 நாள் என்ன வேலை பார்த்தார் என்ற பதிவை எல்லோரும் மறக்கிறார்கள். மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டியே அதைப் பார்க்கச் சொல்கிறது. போர்டு அதைப் பார்க்கவில்லை என்று காட்டினால் மனுவுக்கு அதுவே பெரிய பலம்.

மருதநில்லான்:
இதை ஒத்துக்கொள்கிறேன். இருபது சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் ஆசை காட்டாதீர்கள். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு 20க்குக் கீழே என்றால் டிசபிலிட்டி எலிமென்ட் (இயலாமைக்காகக் கூடுதலாகத் தரும் பங்கு) இல்லை. 2019 டிசம்பரில் ரத்தோர் வழக்கில் அது முடிந்த கதை.

தாள்கட்டு:
சரிதான். ஆனால் நோயைக் காரணம் காட்டிப் பாதியிலேயே வெளியே அனுப்பப்பட்டவர் வேறு. சுக்விந்தர் சிங் வழக்கில், 2014, அவருக்கு 20க்கு மேல் என்றே கொள்ளச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். நூறு சதவீதத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். ஹவில்தாரின் கடைசி ஊதியம் 50,000 என்றால், 30 சதவீத இயலாமைக்கு 4,500. ரவுண்டிங் கொடுத்தால் 30 என்பது 50 ஆகி 7,500, அதன்மேல் அகவிலை நிவாரணம். முழுப் பணிக்காலம் முடித்தவருக்கும் இந்த ரவுண்டிங் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் தீர்ந்தது. மனுவில் தனியாக எழுதிக் கேளுங்கள். விட்டுவிட்டால் அதற்கே இன்னொரு மனு.

குன்னூர்வாசி:
தாமதமானவர்களுக்கு ஒரு வார்த்தை. பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுவதால் பல ஆண்டு கழித்தும் மனு ஏற்கப்படும். ஆனால் தர்சேம் சிங் (2008) தீர்ப்பைக் காட்டி, பாக்கியைப் பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டோடு நிறுத்திவிடுவார்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது. தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

மருதநில்லான்:
ஜெயித்தாலும் அரசு விடாது சார். 2023இல் பர்ஷோத்தம் தாஸ் தீர்ப்பு வந்தபிறகு தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகும் வழி இரு தரப்புக்கும் திறந்திருக்கிறது.

தாள்கட்டு:
தடை உத்தரவு இல்லாதவரை தீர்ப்பாய உத்தரவு உயிரோடுதான் இருக்கும். கொடுத்த கெடு முடிந்தும் புது பென்ஷன் ஆணை வரவில்லை என்றால், சான்றிட்ட நகலோடு அதே அமர்வில் நிறைவேற்றல் மனு போடுங்கள்.